பல்லியம் நடத்துவோர்

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் இரவு, லண்டன் பாராலிம்பிக் போட்டிகளின் நிறைவு விழாவில் கோல்ட்ப்ளே என்னும் ராக் குழுவுடன் ஒரு புதிய இசைக்குழுவும் மேடையேறியது. பிரிட்டிஷ் பாரா ஆர்க்கெஸ்ட்ரா என்பது அதன் பெயர். உடற்குறையுள்ள தொழில்முறை இசைக்கலைஞர்களைத் திரட்டி முந்தைய ஆண்டுதான் அதனைத் தொடங்கியிருந்தார்கள்.

இத்தகைய குழுக்களைப் பற்றி எழுதுவதற்கென்று ஒரு வார்ப்பு உண்டு. கலைஞரின் உடற்குறையை முதற்பத்தியில் சொல்லி, அவர் பட்ட துன்பத்தை அடுத்த பத்தியில் விரித்து, அவருடைய மனவுறுதியை மெச்சி முடித்துவிடுவது. நம் வார இதழ்களின் தன்னம்பிக்கைப் பக்கங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இவ்வார்ப்பு மனப்பாடம். அதில் எல்லாம் இருக்கும், இசை மட்டும் இராது. இன்னொரு தரப்பாரும் இருக்கமாட்டார்கள். அந்தக் குழுவை நாள்தோறும் நடத்துகிறவர்களைத்தான் சொல்கிறோம். அவர்களைப் பற்றி ஏதேனும் எழுதப்பட்டாலும் 'வாய்ப்பளித்த நல்லுள்ளங்கள்' என்ற ஒரு வரியோடு விட்டுவிடுவார்கள். அந்த ஒரு வரி அவர்களுக்கும் நீதி செய்யவில்லை, கலைஞர்களுக்கும் நீதி செய்யவில்லை என்பது நம் கருத்து. மனவுறுதி இல்லாத இசைக்கலைஞர் எந்த நாட்டிலும் இல்லை. ஆகவே இக்குழுக்களின் புதுமையை அதில் தேடுவது வீண். சேர்ந்திசை என்ற ஏற்பாட்டின் விதிகளையே திருத்தியாக வேண்டும் என்று சிலர் முடிவு செய்தார்களே, புதுமை அங்கேதான் இருக்கிறது.

ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் நமக்குத் திருமண வரவேற்பும் மெல்லிசைக் கச்சேரியும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. இங்கே நாம் பேசுவது மேலைச் செவ்விசை மரபின் பெருங்குழுவைப் பற்றி. அதற்குப் பழந்தமிழில் ஒரு சொல் காத்துக்கிடக்கிறது: பல்லியம். இயம் என்றால் இசைக்கருவி. பல இயங்கள் சேர்ந்தது பல்லியம். நெடும்பல்லியத்தனார் என்று சங்கப் புலவர் ஒருவருக்குப் பெயரே உண்டு. இக்கட்டுரைக்கு அச்சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

இன்னொரு சொல்லையும் தெளிவுபடுத்திவிட வேண்டும். மாற்றுத்திறனாளி என்ற சொல் இன்று தமிழில் நிலைபெற்றுவிட்டது. அன்பிற் பிறந்த சொல்தான். ஆனால் அது ஒருவருக்கு ஏதோ வேறொரு திறன் இருந்தாக வேண்டும் என்ற சுமையையும் அவர் தலையில் ஏற்றிவிடுகிறது. பிரிட்டனில் 1970களில் எழுந்த உரிமை இயக்கம் 'டிஸேபிள்டு' என்ற பழஞ்சொல்லைக் கைவிடாமல் அதன் பொருளைத் திருப்பிப் போட்டது. முடக்கப்பட்டவர் என்பதே அதற்கு அவர்கள் கண்ட பொருள். முடக்கியது எது என்று கேட்டால் உடல் என்று சொல்லமாட்டார்கள். படிக்கட்டு என்பார்கள், குறுகிய கதவு என்பார்கள், வேலை தர மறுக்கும் நிறுவனம் என்பார்கள். பாரா ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துவோரின் சிந்தனைக்கு அடிப்படை இதுதான். இதை மனத்தில் இருத்தாமல் அவர்கள் செய்வதைப் பார்த்தால் அது தருமமாகத்தான் தெரியும்.

மேலைப் பல்லியத்தின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். அறுபது பேர், எண்பது பேர் வரிசையாக நாற்காலிகளில் அமர்கிறார்கள். இருவருக்கு ஓர் இசைப்பிரதி. ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது மற்றவர் தாளைத் திருப்புகிறார். எல்லோர் கண்ணும் ஒரு பாதி பிரதியிலும் மறுபாதி நடத்துநர் கையிலுள்ள கோலிலும் இருக்கின்றன. (நடத்துநர் என்றவுடன் நமக்குப் பேருந்து முன்னால் வந்து நிற்கும். பொறுத்துக்கொள்க.) வயலின் வில்கள் அனைத்தும் ஒரே திசையில் ஏறி இறங்குகின்றன. கருவிகளோ, இரண்டு கைகளும் பத்து விரல்களும் உடையவர்களுக்காகப் பல நூற்றாண்டுகளாகச் செதுக்கப்பட்டவை. பார்வை, செவி, இரு கைகள், மூன்று மணி நேரம் அசையாமல் அமரும் முதுகு, மேடைப்படி ஏறும் கால்கள் ஆகிய இத்தனையும் உடையவருக்கே இங்கு இடம் என்று எந்த அறிவிப்பிலும் எழுதப்பட்டிருக்காது. எழுதப்படவேண்டிய தேவையே இல்லாதபடி அந்த அமைப்பு முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்கப் பல்லியங்கள் 1970களிலும் 80களிலும் ஆள்தேர்வின்போது திரை கட்டத் தொடங்கின. வாசிப்பவர் ஆணா பெண்ணா, வெள்ளையரா கறுப்பரா என்று தேர்வாளருக்குத் தெரியக்கூடாது. காதில் விழுவது ஒன்றே கணக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரை மறைப்பது தேர்வாளரின் கண்ணை. சக்கர நாற்காலியில் வருபவர் அந்தத் திரைக்குப் பின்னால் போய்ச் சேருவதற்கு ஏற வேண்டிய ஐந்து படிகளை அது மறைப்பதில்லை. தேர்வில் தரப்படும் பகுதியைப் பார்த்தவுடன் வாசித்துக்காட்ட வேண்டும் என்ற விதி, பார்வையற்றவரைத் திரை கட்டுவதற்கு முன்பே வெளியேற்றிவிடுகிறது. பாகுபாடு மனத்தில் மட்டுமே குடியிருக்கிறது என்று எண்ணுவோர் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

பாரா ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கிய சார்ல்ஸ் ஹேஸல்வுட் பிரிட்டனில் பெயர்பெற்ற இசை நடத்துநர். அவருடைய மகள்களுள் ஒருவர் பெருமூளை வாதத்துடன் பிறந்தவர். அதன் பின்னரே, தாம் நடத்திய பல்லியங்களில் உடற்குறையுள்ள கலைஞரைக் காண்பது எவ்வளவு அரிதாக இருந்தது என்பது தமக்கு உறைத்ததாக அவர் கூறியிருக்கிறார். தன் வீட்டில் நேர்ந்தால்தான் கண் திறக்குமா என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம். ஆனால் வீட்டில் நேர்ந்தும் கண் திறவாத நடத்துநர்கள் இருந்திருக்கக்கூடும் அல்லவா? பிரிஸ்டல் நகரை இருப்பிடமாகக் கொண்டு 2011இல் குழு உருவாயிற்று. பாராலிம்பிக்கை நினைவூட்டும்படி பெயரும் வைத்தார்கள். இப்பெயரில் நமக்கு முழு உடன்பாடில்லை. விளையாட்டில் இணைப்போட்டி என்று ஒன்று இருக்கலாம்; இசையில் இணையிசை என்று ஒன்று ஏது?

அவ்வாண்டின் இறுதியில் பிரசல்ஸ் நகரில் நடந்த டெட்எக்ஸ் மேடையில் குழுவினர் நால்வர் மட்டும் வாசித்தனர். ஒருவர் பாலுஜி ஸ்ரீவாஸ்தவ், உத்தரப் பிரதேசத்தில் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்த சிதார்க் கலைஞர். இன்னொருவர் கிளாரன்ஸ் அடூ. புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞராக இருந்த அவருக்கு 1995இல் நேர்ந்த கார் விபத்தில் தோளுக்குக் கீழே உடல் செயலிழந்தது. மூன்றாமவர் லின் லெவெட். கை விரல்களுக்குப் பதிலாக மூக்கால் கணினிக் கருவிகளை இயக்கி இசை அமைப்பவர். நான்காமவர் நிக்கோலஸ் மெக்கார்த்தி, வலக்கை இல்லாமல் பிறந்த பியானோக் கலைஞர். லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் இடக்கையால் மட்டுமே வாசித்துப் பட்டம் பெற்ற முதலாமவர், அது 2012இல்.

இந்த நால்வரையும் ஒரு மேடையில் அமர்த்திவிட்டு எதை வாசிக்கச் சொல்வது? குழுவை நடத்துவோரின் தலைவலி இங்கிருந்துதான் தொடங்குகிறது. சிதாருக்கும் மூச்சால் இயங்கும் கருவிக்கும் இடக்கைப் பியானோவுக்கும் சேர்த்து மொசார்ட் எதுவும் எழுதிவைக்கவில்லை. நூலகத்திலிருந்து பிரதி வாங்கி வந்து மூன்று ஒத்திகையில் கச்சேரி செய்துவிடும் வசதி மற்றப் பல்லியங்களுக்கு உண்டு. இவர்களுக்கு ஒவ்வொன்றும் புதிதாக எழுதப்பட வேண்டும், அல்லது இருப்பது மாற்றி எழுதப்பட வேண்டும். சில சமயம் கருவியே செய்யப்பட வேண்டும். அடூ வாசிக்கும் 'ஹெட்ஸ்பேஸ்' என்ற கருவி அவருக்காகவே இசையமைப்பாளர் ரோல்ஃப் கேல்ஹார் உருவாக்கியது. தலையசைவாலும் மூச்சாலும் இயங்குவது. கேல்ஹார் ஒரு காலத்தில் ஸ்டாக்ஹவுசனின் உதவியாளராக இருந்தவர். மேலை நவீன இசையின் தலைவாயிலில் நின்றவர் ஒருவர் பிற்காலத்தில் அசையாத உடலுக்கேற்ற கருவியைச் செய்ய உட்கார்ந்ததைத் தொண்டு என்று மட்டும் நாம் வகைப்படுத்தமாட்டோம். புதிய ஒலியைத் தேடும் கலைஞனுக்கு அதைவிட நல்ல வேலை வேறென்ன இருக்க முடியும்?

இடக்கைப் பியானோ இலக்கியத்துக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. நடத்துவோரின் பொறுப்பு எது என்பதை அது வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைனின் அண்ணன் பால், முதல் உலகப்போரில் வலக்கையை இழந்த பியானோக் கலைஞர். வியன்னாவின் பெருஞ்செல்வக் குடும்பத்தவர். கை போனால் என்ன, பணம் இருந்தது. ராவெல், புரோகோஃபியெவ், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், பிரிட்டன், ஹிண்டமித் என்று அக்காலத்தின் பெருந்தலைகள் அனைவரிடமும் இடக்கைக்கு மட்டுமான படைப்புகளை விலைகொடுத்து எழுதி வாங்கினார். ராவெலின் கான்செர்ட்டோ இன்று உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. மற்றவற்றின் கதி? 1931இல் புரோகோஃபியெவ் எழுதித் தந்தது அவருக்குப் பிடிக்கவில்லை, ஒருநாளும் வாசிக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் வலக்கை இழந்த சீக்ஃபிரீட் ராப் என்ற கலைஞர் 1956இல் அதை முதன்முதலாக மேடையேற்றினார். ஹிண்டமித் 1923இல் எழுதியதும் பிடிக்காமல் அறையில் கிடந்தது. 2002இல்தான் கையெழுத்துப் படி வெளிவந்தது. 2004இல் லியோன் ஃபிளைஷர் பெர்லினில் வாசித்தார். எண்பது ஆண்டுகள்! அத்தனை காலமும் ஒற்றைக் கையால் வாசிக்கக்கூடிய எத்தனையோ பேர் அந்தப் பிரதியைத் தொடாமலேயே மறைந்திருப்பார்கள்.

தனி ஒருவர் தம் குறைக்குத் தாமே பணம் கட்டி விடை தேடினால் விடையும் அவருடைய சொத்தாகிவிடுகிறது. பல்லியத்தை நடத்தும் அமைப்பு எழுதச் சொல்லும்போது அந்தப் படைப்புக்கு இன்னொருவர் கைக்குப் போகும் வழி திறந்திருக்கிறது. பொதுப்பணம் கேட்டுப் பெறுவதற்கு இது ஒன்றே போதுமான நியாயம் என்று நினைக்கிறோம்.

இனி, நாள்தோறும் நடக்கும் வேலைக்கு வருவோம். இதுவே நம்மை வியக்கவைக்கும் பகுதி. இதுவே எழுத்தில் இடம்பெறாத பகுதியும்.

லூயி பிரெய்ல் பார்வையற்றோருக்கான புள்ளியெழுத்தை 1829இல் வெளியிட்டபோதே அதில் இசைக்குறியீட்டையும் சேர்த்திருந்தார். அவரே ஆர்கன் வாசித்தவர். ஆனால் பிரெய்ல் பிரதியில் ஓர் இயல்பான இடர் உண்டு. அதை விரலால் படிக்க வேண்டும். விரல் பிரதியில் இருக்கும்போது வயலினில் இருக்க முடியாது. ஆகவே பார்வையற்ற கலைஞர் தம் பகுதி முழுவதையும் முன்கூட்டியே படித்து மனப்பாடம் செய்துகொண்டுதான் ஒத்திகைக்கு வர வேண்டும். கெய்ரோவில் பார்வையற்ற பெண்களுக்கென்றே இயங்கிவரும் 'அல் நூர் வல் அமல்' பல்லியத்தினர் முழு சிம்பொனிப் பகுதிகளையும் இப்படித்தான் நெஞ்சில் நிறுத்தி வாசிக்கிறார்கள். இதை ஒரு நினைவாற்றல் சாதனையாகப் போற்றிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. நடத்துவோரின் நாற்காலியில் அமர்ந்து பாருங்கள். புதிய படைப்பின் பிரதி கச்சேரிக்குப் பத்து நாள் முன்பு இசையமைப்பாளரிடமிருந்து வந்தால் மற்றக் குழுக்களுக்கு அது சிறு எரிச்சல், அவ்வளவே. இங்கே அப்படியில்லை. பிரெய்லுக்கு மாற்ற நாளாகும், மனப்பாடம் செய்ய வாரங்களாகும். பிரதி பிந்தினால் ஒரு கலைஞர் மேடையிலிருந்தே நீக்கப்படுகிறார். எவருடைய மனத்திலும் பாகுபாடு இல்லை. அஞ்சல் மட்டும் தாமதம். அனைவரையும் உள்ளடக்குதல் என்று பெருஞ்சொற்களால் பேசப்படுவது கடைசியில் இசையமைப்பாளரை உரிய நாளில் எழுதி முடிக்கவைக்கும் பிடிவாதமாக வந்து நிற்கிறது. தமிழ் எழுத்தாளர்களிடம் சிறப்பு மலருக்குக் கட்டுரை வாங்கிப் பழகியவர்கள் இந்தப் பிடிவாதத்தின் அருமையை அறிவார்கள்.

கோலும் அப்படியே. பார்வையற்றவர் நடத்துநரின் கோலை எப்படிக் காண்பார்? பக்கத்திலிருப்பவரின் மூச்சொலியைக் கேட்டுத் தொடங்குவது பழைய வழி. சிறு குழுவில் அது போதும். பெருங்குழுவுக்காகக் கேல்ஹாரின் மகன் வாஹகன் மத்தோசியன் நடத்திய 'ஹியூமன் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' நிறுவனம் பாரா ஆர்க்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து ஒரு கோலை உருவாக்கியது. நடத்துநர் கையசைவு, கலைஞர் உடலில் அணிந்திருக்கும் சிறு கருவிகளில் அதிர்வாக வந்து சேரும். இதில் தொழில்நுட்பத்தைவிட நமக்கு முக்கியமாகப் படுவது வேறு. வழக்கமாக நடத்துநர் ஒரு சைகை காட்டுவார், புரிந்துகொள்வது வாசிப்பவரின் கடமை. இங்கே தம் சைகை கடைசி நாற்காலிவரை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது நடத்துநரின் கடமையாகிறது. முந்நூறு ஆண்டு மரபில் இது சிறிய மாற்றமல்ல.

மற்றவை எல்லாம் சில்லறைச் செலவுகள்போலத் தோன்றும். சக்கர நாற்காலியுடன் ஏறக்கூடிய வண்டி, கலைஞருடன் வரும் உதவியாளருக்கும் ஓர் அறை, பெரிய எழுத்தில் அச்சிட்ட பிரதி, கண்கூசாத விளக்கு, விரைவில் களைத்துப்போகும் உடலுக்கேற்பக் குறுக்கி இடைவெளிவிட்ட ஒத்திகை. பிரிட்டனில் உடற்குறையுள்ளோர் வேலை செய்வதற்கு ஆகும் கூடுதல் செலவை ஏற்க 'ஆக்சஸ் டு வொர்க்' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. உதவியாளர் ஊதியம், பயணம் முதலியவற்றை அதில் கேட்கலாம். ஆனால் அது ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பித்துப் பெற வேண்டியது. நிரந்தரச் சம்பளமில்லாமல் கச்சேரிக்குக் கச்சேரி வேலை தேடும் கலைஞருக்கு விண்ணப்பப் படிவமே ஒரு பெருவேலை. ஒத்திகையைக் குறுக்கினால் நாட்கள் கூடும். நாட்கள் கூடினால் அரங்க வாடகை கூடும். இந்தக் கணக்கை ஒவ்வொரு முறையும் போட்டு, நிதிதரும் அமைப்பின் அதிகாரியிடம் போய் 'மற்றக் குழுக்களைவிட எங்களுக்கு ஏன் அதிகம் செலவாகிறது' என்று விளக்க வேண்டியவர்கள் மேடையில் தோன்றுவதில்லை. கைதட்டலும் அவர்களுக்கு இல்லை.

அவர்களைப் பாராட்டுவதோடு நின்றுவிட முடியாது. யார் நடத்துவது என்ற கேள்வி இருக்கிறது. பாரா ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கிக் கோல் பிடித்தவர் உடற்குறையில்லாதவர். எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம் என்பது உலகெங்கும் உடற்குறையுள்ளோர் இயக்கத்தின் முழக்கம். அம்முழக்கத்தின் முன் இக்குழு எப்படி நிற்கும்?

நம் இரட்டைப் புலவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை. பார்வையற்றவர் கால் இல்லாதவரைத் தோளில் சுமக்க, அவர் வழிசொல்ல, ஊர் ஊராகச் சென்று பாடினார்கள் என்பது மரபு. ஒரு வெண்பாவின் முற்பாதியை ஒருவர் எடுக்க, பிற்பாதியை மற்றவர் முடிப்பாராம். தனிப்பாடல்களில் உள்ள குறும்பும் கலம்பகங்களில் உள்ள புலமையும் எல்லோரும் அறிந்தவை. அவர்கள் கதையை நாம் பெரும்பாலும் நட்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிடுகிறோம். யார் சுமப்பது, யார் தொடங்குவது, யார் முடிப்பது என்ற ஏற்பாட்டை அவர்கள் இருவருமே வகுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. வேறொருவர் வந்து அவர்களைச் சேர்த்துவைத்து 'இரட்டையர் குழு' என்று பெயரிட்டு ஊர்வலம் நடத்தியிருந்தால் அந்த வெண்பாக்கள் அப்படி வந்திருக்குமா என்பது ஐயமே.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ன்மத் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா இக்கேள்விக்கு ஒரு விடை தேடியது. பெருமூளை வாதமுள்ள ஜேம்ஸ் ரோஸ் என்பவரை 2017இல் நடத்துநர் பயிற்சிக்கு அமர்த்திக்கொண்டார்கள். அவர் கோலைக் கையில் பிடிப்பதில்லை. தலையில் பொருத்திக்கொண்டு தலையசைவால் நடத்துகிறார். அவரை நடத்துநராகக் கொண்டு பி.எஸ்.ஓ. ரிசவுண்ட் என்ற ஆறுபேர் குழு அமைந்தது. 2018 ஆகஸ்டில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில், பி.பி.சி. பிராம்ஸ் இசைவிழாவில் அது வாசித்தது. குழு சிறியதுதான். ஆனால் நூற்றாண்டுப் பழமையுள்ள ஒரு நிறுவனம் ஆட்சிக்கோலை இடம்மாற்றிப் பார்த்தது என்ற வகையில் பெரியது. பாரா ஆர்க்கெஸ்ட்ராவும் இத்திசையில் நகராமலில்லை. பிறவியிலேயே செவியும் பார்வையும் குறைந்த கிளாரினெட் கலைஞரும் இசையமைப்பாளருமான லாயிட் கோல்மன் அதன் இணை இசை இயக்குநர் பொறுப்புக்கு வந்தார். பாலுஜி ஸ்ரீவாஸ்தவோ தாமே 'இன்னர் விஷன்' என்ற பெயரில் பார்வையற்ற கலைஞர்களின் பல்லியம் ஒன்றை 2012இல் தொடங்கிவிட்டார். நல்ல குழுவுக்கு அடையாளம் அதிலிருந்து இன்னொரு குழு பிறப்பதுதான் என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

தனிக்குழு வைப்பதே ஒதுக்கிவைப்பது ஆகாதா என்பது இன்னொரு வாதம். 'அவர்களுக்குத்தான் ஒரு குழு இருக்கிறதே' என்று பெரிய பல்லியங்கள் கைகழுவிக்கொள்ள அது வசதியாகிவிடும் என்பர். வாதத்தில் உண்மை உண்டு. பாரா ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துவோரும் இதை உணர்ந்தே பின்னாளில் உடற்குறையில்லாத கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு கலப்புக் குழுவாக அதை மாற்றினார்கள். நமக்கு இது சரியான முடிவாகப் படுகிறது. மேடையில் எல்லோரும் உடற்குறையுள்ளோராக இருந்தால் கேட்பவர் குறையை எண்ணிக்கொண்டிருப்பார். கலந்திருந்தால் யாருக்கு என்ன குறை என்று தேடித் தேடிச் சலித்துப்போய், வேறு வழியின்றிச் சற்று நேரத்தில் இசையைக் கேட்கத் தொடங்குவார்.

2018இல் அவர்கள் மேடையேற்றிய 'தி நேச்சர் ஆஃப் வொய்' என்ற நிகழ்வு இந்த மாற்றத்தின் விளைவு. வில் கிரிகரி இசையமைத்தது. உடற்குறையுள்ள நடன அமைப்பாளர் கரோலின் பௌடிச் ஆட்ட அமைப்பைச் செய்தார். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 'ஏன்' என்ற கேள்வியைப் பற்றிப் பேசிய பழைய ஒலிப்பதிவு இசையோடு ஊடாடுகிறது. அதில் பார்வையாளருக்கு நாற்காலி வரிசை கிடையாது. அவர்களும் மேடையிலேயே நிற்க, கலைஞர்களும் ஆடுவோரும் அவர்களுக்கிடையே புகுந்து நடமாடுகிறார்கள். செல்லோவின் அதிர்வு கேட்பவர் தோளருகே வந்துவிடுகிறது. ஒரு பக்கம் பார்க்கப்படுபவர், மறுபக்கம் பார்ப்பவர் என்ற கோடு போய்விடுகிறது. உடற்குறையுள்ளோர் காலங்காலமாகப் பார்க்கப்படுபவர்களாகவே இருந்துவந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இந்த ஏற்பாட்டின் கூர்மை விளங்கும். குறையை ஈடுசெய்யக் கண்ட உத்தியாக இதை நாம் கருதவில்லை. செவ்விசை அரங்கின் இறுக்கத்தால் மூச்சுமுட்டிக்கொண்டிருந்த எல்லோருக்கும் இது ஒரு சாளரம்.

பெரிய பல்லியங்கள் உடற்குறையுள்ள தனிக்கலைஞரை வரவேற்கத் தயங்குவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைகள் இல்லாமல் பிறந்து, இடக்கால் விரல்களால் ஹார்ன் வாசிக்கும் ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் க்ளீசர் உலகின் முன்னணி அரங்குகளில் வாசிக்கிறார். ஆனால் தனிக்கலைஞர் ஓரிரவு விருந்தினர். அவருக்காக ஒரு நாள் மேடையைத் திருத்தலாம். ஹார்ன் வரிசையில் மூன்றாம் நாற்காலிக்காரர் முப்பது ஆண்டுகள் உடனிருக்கும் சக ஊழியர். அவருக்காக நிறுவனத்தையே திருத்த வேண்டும். வியக்கத்தக்கவருக்கு இடம் கிடைத்துவிடுகிறது. திறமையுள்ள, ஆனால் வியப்பூட்டாத, நம்மில் பலரைப் போன்ற கலைஞருக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது.

அந்தக் கதவுக்கு வெகுமுன்னரே, பள்ளியில், இன்னொரு கதவு. கருவி கற்காமல் வளர்ந்தவரை இருபத்தைந்து வயதில் எந்தப் பல்லியமும் சேர்த்துக்கொள்ள முடியாது. இதை முதலில் தீர்க்க வேண்டும் என்று பிரிஸ்டலிலேயே இயங்கும் 'ஓபன் அப் மியூசிக்' அமைப்பினர் சிறப்புப் பள்ளிகளில் குழுக்கள் அமைத்தார்கள். கண்ணசைவாலோ தலையசைவாலோ, உடலின் எந்தப் பகுதி இயங்குகிறதோ அதனாலோ வாசிக்கத்தக்க 'கிளாரியன்' என்ற மின்கருவியை உருவாக்கினார்கள். 2018இல் 11 முதல் 25 வயது வரையுள்ளோருக்கான தேசியத் திறந்த இளையோர் பல்லியத்தைத் தொடங்கினார்கள். உடற்குறை உள்ளோரும் இல்லாதோரும் ஒன்றாகப் பயிலும் குழு அது. கண்ணால் வாசிக்கும் கருவிக்கும் வயலினைப் போலவே பயிற்சி வேண்டும், ஆசிரியர் வேண்டும், ஆண்டுகள் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பொத்தானைத் தொட்டால் இன்னொலி எழுப்பும் பொம்மைகளை உடற்குறையுள்ள பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு இசைக்கல்வி முடிந்தது என்று சொல்லும் வழக்கத்தின்மீது இதைவிட நல்ல கண்டனம் இருக்க முடியாது.

2025 கோடையில், பாரா ஆர்க்கெஸ்ட்ராவின் அந்த முதல் நால்வருள் ஒருவரான மெக்கார்த்தி, போர்ன்மத் பல்லியத்துடன் பிராம்ஸ் விழாவில் ராவெலின் இடக்கைக் கான்செர்ட்டோவை வாசித்தார். அவ்விழாவில் ஒற்றைக் கைக் கலைஞர் ஒருவர் அதை அதற்கு முன் கடைசியாக வாசித்தது 1951இல். வாசித்தவர் பால் விட்கென்ஸ்டைன். இடைப்பட்ட 74 ஆண்டுகளில் இரு கை உடையவர்கள் ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு அதை வாசித்துவந்தார்கள். மெக்கார்த்தி தனிக்கலைஞர், அவருக்கு மேடை கிடைத்துவிட்டது. இளையோர் பல்லியத்தில் கிளாரியன் வாசித்துக்கொண்டிருப்பவர்களுள் மூத்தவர்களுக்கு இப்போது 25 வயது நெருங்கியிருக்கும். அவர்கள் போய்ச் சேருவதற்குப் பிரிட்டன் முழுவதிலும் உள்ள குழுக்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். ஊதியம் தருபவை அவற்றுள்ளும் சில.